பழைய எனாமல் ஜன்னல்: மேலே பூசுவதா, சுரண்டுவதா, கழற்றி எறிவதா?

வீட்டு பெயின்ட்டில் நஞ்சான ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் என்றால், ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரைவிடக் கதவு, ஜன்னல், கிரில் மீதுதான் சந்தேகம் அதிகம். மேலே வெள்ளை தெரியலாம். அடியில் ஈயம் கலந்த பழைய மஞ்சளோ சிவப்போ கிடக்கலாம்.

மேலேயே புதுக் கோட் அடிப்பது மலிவு, தூசியும் குறைவு. ஆனால் பழைய பெயின்ட் மரத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிளேடால் பெருக்கல் குறி கீறி, செல்லோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். செதில் ஒட்டிக்கொண்டு வந்தால் இந்த வழி வேண்டாம். வராவிட்டாலும் நிலையில் உரசும் விளிம்புகளுக்கு இது உதவாது. திறந்து மூடும்போதெல்லாம் பெயின்ட் அரைபட்டு மாவாகி ஜன்னல் திட்டில் உதிரும். குழந்தை கை வைப்பதும் அங்கேதான்.

அந்த விளிம்புகளுக்கு ஈரச் சுரண்டல்தான் சரி. கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் தெளித்துத் தெளித்துப் பட்டித்தகட்டால் எடுங்கள். மர விளிம்பு தெரிந்ததும், ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் அடிக்கலாம். காய்ந்த எமரித்தாளும் சாண்டர் மெஷினும் கூடவே கூடாது. அந்த நுண்தூசி துணி மாஸ்க்கில் நிற்காது, பி100 ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். பெருக்கவும் வேண்டாம். வழித்தெடுத்து, ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலசும் தண்ணீர் என்று இரண்டு முறை துடையுங்கள். முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

சூடான காற்றை ஊதிப் பெயின்ட்டை இளக்கும் ஹீட் கன் வேகமானது. 590 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈயப் புகை. புளோ லாம்ப் (தீச்சுடர் விளக்கு) பிடித்துச் சுடும் பெயின்டரை நிறுத்திவிடுங்கள். செதுக்கு வேலை உள்ள தேக்குக் கதவுக்கு மட்டும் பெயின்ட்டை இளக்கும் ஜெல் ரிமூவர் பொருத்தம். அதிலும் மெத்திலீன் குளோரைடு கலந்ததை வாங்காதீர்கள், மூடிய அறையில் ஆளையே கொல்லும்.

கரையான் அரித்த ஜன்னலை மாற்றுவதே லாபம். கழற்றும்போதும் ஈரப்படுத்துங்கள். பழைய சட்டத்தை வெந்நீர் அடுப்பில் எரித்துவிடாதீர்கள். ஈயம் புகையிலும் சாம்பலிலும் போய்விடும், அந்தச் சாம்பல் செடிக்கும் ஆகாது.