640 டாலர் போச்சு: பெடல் ஸ்டீலுக்குப் பழைய ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பெட்டி வந்து நான்கு நாள் ஆகிறது. 640 டாலர் கொடுத்து வாங்கிய ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), கூடத்தில் முதுகைத் திறந்து போட்டபடி கிடக்கிறது. விற்றவர் இன்று காலை என் எண்ணையே தடுத்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு எப்படிப்பட்ட ஆம்ப் வேண்டும், பழையது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது ஹூஸ்டனில். ஆறு வருடமாக ஸ்டீல் பழகுகிறேன். மேசை போலப் படுத்திருக்கும் கிட்டார் அது; கம்பி மேல் இரும்புத் துண்டை வழுக்கி, காலால் பெடலையும் முழங்காலால் லீவரையும் தள்ளிச் சுரத்தை வளைப்போம். ஒன்றரை வருடமாக மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு கன்ட்ரி குழுவோடு நடனக் கூடத்தில் வாசிக்கிறேன். கிட்டார் இரட்டைக் கழுத்து, ஒரு பக்கம் ஈ9 டியூனிங், மறுபக்கம் அடி ஒலி கூடிய சி6 டியூனிங். ஆம்ப்தான் சரியில்லை. 40 வாட் டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப், வீட்டில் தனியாக வாசிக்கும்போது தேனாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் திணறும்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண கிட்டாரில் கம்பியை மீட்டினால் ஒலி எழும்பித் தேய்ந்துபோகும், அவ்வளவுதான். ஸ்டீலில் வலது கால் எப்போதும் வால்யூம் பெடலில் இருக்கும். பாதி திறப்பில் மீட்டிவிட்டு, ஒலி தேயத் தேயப் பெடலை அழுத்திக்கொண்டே போனால்தான் சுரம் அறுபடாமல் நிற்கும். அந்த அழுகைக் குரலே அங்கேதான் பிறக்கிறது. பெடல் முழுக்க இறங்கும்போதும் ஆம்ப் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். லீட் கிட்டார்காரர்கள் ஆசைப்பட்டுத் தேடும் கரகரப்பு எங்களுக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் சின்னக் கூடத்துக்குக்கூட ஸ்டீல்காரர்கள் 100, 200 வாட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற டியூப் ஆம்ப் மேல் ஆசை இருந்தது. 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் ஒலிப்பதிவுகளில் ஊறிய சத்தம். ஆனால் 60 பவுண்டுக்கு மேல் எடை, டியூப் மாற்றும் செலவு வேறு. என் ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர், ஒரே பேச்சாகச் சொன்னார்: பீவி கம்பெனியின் பழைய நாஷ்வில் 400 ஆம்ப் கிடைத்தால் எடு. 4 ஓம் ஸ்பீக்கரில் 210 வாட், டிரான்சிஸ்டர், பிளாக் விடோ என்ற கனமான ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கர். சி6 கழுத்தின் பத்தாவது கம்பி 65 ஹெர்ட்ஸில் உறுமும். அதைத் தாங்க அந்த 15 அங்குலம் வேண்டும். நடு ஒலியில் 800 ஹெர்ட்ஸ் பக்கமாகக் கொஞ்சம் வெட்டிவிட்டால் மூக்கால் பேசுகிற சத்தம் போய்விடும், அதற்கென்றே ஷிஃப்ட் என்று ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள்.

பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஓர் இணையச் சந்தையில் அது கண்ணில் பட்டது. பெயர் சொல்லவில்லை. விற்றவர் வேறு மாநிலத்துக்காரர், வீட்டுக் கொட்டகையில் ஆம்ப் பழுதுபார்த்து விற்பவர். "அசல் ஸ்பீக்கர், கெப்பாசிட்டர்கள் எல்லாம் புதிது" என்று போட்டிருந்தார். விலை, அனுப்பும் செலவு சேர்த்து 680.

அவரே போன் செய்தார். நாற்பது நிமிடம் பேசினோம். என்ன டியூனிங், எத்தனை முழங்கால் லீவர், என்ன பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். 1954-இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து, கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுரத்தை வளைத்தாரே, அங்கிருந்துதான் எல்லாமே தொடங்கியது என்றார். ஸ்டீல் மேதை பட்டி எம்மன்ஸ், ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து ஷோ-பட் என்ற ஸ்டீல் கிட்டார் கம்பெனியை ஆரம்பித்த கதையைச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வேலையிடத்திலோ அக்கம்பக்கத்திலோ நான் இதையெல்லாம் யாரிடம் பேசுவது? அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு நாலு வரி வாசித்துக் காட்டினார். சுரத்தை வளைக்கும் ஏ பெடலும் பி பெடலும் அவ்வளவு பக்குவமாக ஏறி இறங்கின. நான் விழுந்த இடம் அதுதான்.

சந்தையின் தளம் வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள். பணம் அனுப்பும் செயலியில் "நண்பர், குடும்பம்" என்று போட்டு அனுப்பினால் 40 குறைத்து 640-க்கே தருகிறேன் என்றார். மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். "ஏங்க, முகம் தெரியாத ஆளுக்கு இப்படி அனுப்பலாமா?" என்றாள். "ஸ்டீல் வாசிக்கிற ஆளும்மா, ஏமாத்த மாட்டார்" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே அனுப்பினேன். 640 டாலர்.

பெட்டி வந்தபோது நான் ஒருவனாகவே தூக்கி உள்ளே வைத்தேன். அங்கேயே உறைத்திருக்க வேண்டும். பிளாக் விடோ உள்ள ஆம்ப்பை அப்படி லேசில் தூக்க முடியாது.

போட்டதும் உம்மென்று ஓர் இரைச்சல். ஈ9 பக்கம் ஏதோ பரவாயில்லை. சி6-இல் பத்தாவது கம்பியைத் தொட்டதும் தட்தட்டென்று காகிதம் கிழிகிற மாதிரி அடித்தது. பத்து நிமிடத்தில் சத்தம் நின்று நின்று வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் பார்த்தேன். தகர அச்சில் அடித்த ஒரு ஸ்பீக்கர், உள்ளங்கை அகலக் காந்தம், அதில் "8 ஓம்" என்று ஒரு காகிதச் சீட்டு. நாலு மூலை போல்ட்டில் ஒன்று இல்லவே இல்லை. மற்ற மூன்றின் தலையிலும் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய புதுக் கீறல், வெள்ளி மாதிரி மின்னுகிறது. மரத்தில் பழைய ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்த வட்டம் அப்படியே தெரிகிறது. இது அந்த வட்டத்துக்குச் சரியாக உட்காரவே இல்லை. ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன்: 6.4 ஓம். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மூன்று சொச்சம்தான் காட்டும். 8 ஓம் மாட்டினால் அந்த 210 வாட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் வெளியே வரும்.

இதைவிடக் கொடுமை, அதே ஆளின் விற்பனைப் பட்டியலில் ஒரு பிளாக் விடோ 15 அங்குலம், 4 ஓம், தனியாக 180 டாலருக்கு இருக்கிறது. அந்தப் படத்தில் உள்ள மேசையில் காபிக் கோப்பை சுட்ட கறுப்பு வளையம். என் ஆம்ப்பின் படத்திலும் அதே மேசை, அதே வளையம்.

உடனே எழுதினேன். முதலில், வழியில் குலுங்கியிருக்கும் என்றார். குலுங்கினால் ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராக மாறுமா? பிறகு உங்கள் பிக்கப்பில் கோளாறு என்றார். மேசை வளையத்தைப் பற்றிக் கேட்டதும், நீங்கள் பின்பக்கத்தைத் திறந்துவிட்டீர்கள், இனி என் பொறுப்பு இல்லை என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

சந்தைக்காரர்களிடம் முறையிட்டேன். இரண்டு நாள் தானியங்கிப் பதில். மூன்றாம் நாள் ஓர் ஆள் எழுதினார்: பணம் எங்கள் தளம் வழியாக வராததால் எங்கள் பாதுகாப்பு பொருந்தாது, வருந்துகிறோம். பணச் செயலிக்காரர்கள், நீங்களே நண்பருக்கு என்று தேர்ந்தெடுத்தீர்கள் என்கிறார்கள். வங்கியோ, நீங்கள்தானே அனுமதித்தீர்கள் என்கிறது. பார்சல்காரர்கள் பெட்டியில் அடிபட்ட அடையாளம் இல்லை, இருந்தாலும் அனுப்பியவர்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். நாலு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். 640 டாலரில் ஒரு சென்ட்கூடத் திரும்பவில்லை.

எது நல்லது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனசு அதில் நிற்கவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். "நண்பர், குடும்பம்" என்று எந்தக் காரணத்துக்கும் பணம் அனுப்பாதீர்கள். ஆம்ப்பின் முதுகுப் பக்கப் படம் கேளுங்கள், ஸ்பீக்கர் காந்தத்தில் உள்ள எண்ணோடு. தர மறுத்தால் விட்டுவிடுங்கள். முடிந்தால் உங்கள் கிட்டாரையும் வால்யூம் பெடலையும் கொண்டுபோய், அடிக் கம்பியில் பெடலை முழுக்க இறக்கிப் பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்று இருக்கும் இரண்டு துளைகளைச் சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். என்னுடையதில் அந்த ஒன்று மட்டும் அப்படிச் சரியானது. மின்சுற்று இருக்கும் உலோகப் பெட்டியை (சேஸி) மட்டும் திறக்காதீர்கள், பிளக் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

நாளை சனிக்கிழமை, வாசிப்பு இருக்கிறது. ஆசிரியர் தன் பீவி நாஷ்வில் 112 ஆம்ப்பை இரவல் தருகிறேன் என்றார், எடுத்துவரக் கிளம்புகிறேன். 80 வாட், 12 அங்குல ஸ்பீக்கர். பத்தாவது கம்பியைக் கூடியவரை தொடாமல் வாசித்துவிட வேண்டும்.