வெறும் கேசட்டா, பெட்டியோடா, சீல் பிரிக்காததா?

பழைய வீடியோ கேம் கேசட் சேர்க்க இறங்கினால் ஒரே ஆட்டம் மூன்று கோலத்தில் எதிரே வரும். வெறும் கேசட் ஒன்று. பெட்டியும் கையேடும் சேர்ந்த முழு செட் இன்னொன்று. சீல் பிரிக்காமல், அதன் நிலைக்கு மதிப்பெண் போட்டு, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தது மூன்றாவது. விளையாட்டு மூன்றிலும் ஒன்றுதான். விலைதான் ஒன்றையொன்று அடையாளம் தெரியாத தூரத்தில் நிற்கும்.

என் ஓட்டு வெறும் கேசட்டுக்கு. அசலா போலியா என்று நானே திறந்து பார்த்துவிடலாமே! நின்டெண்டோ நிறுவனத்தின் கேசட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 3.8 மில்லிமீட்டர் ‘கேம்பிட்’ என்ற தனி வகை ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். உள்ளே சர்க்யூட் பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கிறதா, சிப்பின் மேல் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்புப் பசைத் துளியால் சிப்பை மூடியிருந்தால் சந்தேகப்படுங்கள். சில அசல்களிலும் அது உண்டு என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். அழுக்குப் பிடித்த பின்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே ‘செத்த’ கேசட்டுகள் பல எழுந்து உட்காரும். பேட்டரிதான் தலைவலி. அமெரிக்காவில் 1987இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ மாதிரியான கேசட்டுகள், ஆட்டத்தை விட்ட இடத்தைச் சேமித்து வைக்கச் சின்ன பட்டன் பேட்டரியை நம்பியிருப்பவை. அது தீர்ந்தால் ஆட்டம் ஓடும், சேமிப்பு நிற்காது. ஆகவே பேட்டரி மாற்றிய கேசட் என்றால் நான் முகம் சுளிப்பதில்லை.

முழு செட்டில் நீங்கள் காசு கொடுப்பது அட்டைக்கு. சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64 கருவிகளுக்கான ஆட்டங்கள் அட்டைப் பெட்டியில் வந்தன. பிரித்த அன்றே குப்பைக்குப் போனவை ஏராளம். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவிக்கான ஆட்டங்கள் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வந்ததால் முழுசாகவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. அங்கே பெட்டிக்கென்று அதிகம் கேட்டால் பேரம் பேசலாம். அமெரிக்காவில் 1995இல் வந்த சூப்பர் நின்டெண்டோ ஆட்டமான ‘எர்த்பவுண்ட்’ வேறு கதை: பெரிய பெட்டி, உள்ளே தடிமனான வழிகாட்டிப் புத்தகம். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் வாங்கி ஒட்டுப்போட்ட செட்டுகளும், புதிதாக அச்சடித்த பெட்டிகளும் சந்தையில் உலவுவதால் என்னை அதிகம் ஏமாற்றக்கூடியது இந்த நடுத்தர வகைதான்.

சீல் பிரிக்காததைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. 2021 ஜூலையில் 10க்கு 9.8 மதிப்பெண் பெற்ற ‘சூப்பர் மரியோ 64’ ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்ற ஆட்டம் அது! அங்கே விலை பெற்றது ஆட்டமல்ல, உறையின் நிலையும் அதற்கு யாரோ போட்ட மதிப்பெண்ணும். பிரித்தால் மதிப்பு போச்சு. பிரிக்காவிட்டால் விளையாட வழியில்லை.

நிஜமாகவே அரிதான ஒன்றைப் பாருங்கள். 1990இல் நடந்த நின்டெண்டோ உலகப் போட்டிக்கான கேசட்டில் சாம்பல் நிறம் 90, தங்க நிறம் 26. கடைக்கே வராதவை; பிரிக்கக் கடைப்பெட்டியும் இல்லை, சீலும் இல்லை. லேபிள் கிழிந்த சாம்பல் கேசட்டுக்கும் சேர்ப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

எதை வாங்கினாலும், விற்பவர் கேட்கும் விலையைத் தள்ளிவிட்டு, அதே நிலையில் உள்ள கேசட் கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று தேடிப் பாருங்கள்.