24 அடிப் படகுக்கு ஒரு டிங்கி: இரண்டாவது முறை வாங்கியபோது பார்த்தவை

என் மனைவிக்கு முழங்கால் வலி. டிங்கியைப் பற்றி, அதாவது கரைக்கும் நங்கூரத்தில் நிற்கும் படகுக்கும் நடுவில் ஓடும் சின்னப் படகைப் பற்றிப் பேச, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜெட்டி என்னும் படகுத்துறையின் படியில் நின்று ஒரு காலை டிங்கிக்குள் வைக்கும்போது அது சாயாமல் நிற்கிறதா என்பதுதான் எங்கள் வீட்டில் முதல் கேள்வி. வேகம், அழகு எல்லாம் அப்புறம்.

எங்கள் பாய்மரப் படகு 24 அடி. பினாங்குக்கும் ஜெரஜாக் தீவுக்கும் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கிறது. தண்ணீர், ஐஸ், சாப்பாடு, ஆட்கள், எல்லாம் டிங்கியில்தான் போக வேண்டும். கரையில் மோட்டார் சைக்கிள் எப்படியோ, தண்ணீரில் எங்களுக்கு அது அப்படி.

முதலில் வாங்கியது 2,600 மலேசிய வெள்ளிக்கு ஒரு பிவிசி டிங்கி, பிளாஸ்டிக் துணியில் செய்த குழாய்களில் காற்றடித்து மிதக்க விடுவது. முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் மேல்துணி பிசுபிசுக்க ஆரம்பித்தது. கை வைத்தால் வெல்லப்பாகைத் தொட்ட மாதிரி ஒட்டும். துடைத்துப் பார்த்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஜெட்டிக்கும் படகுக்கும் பாதி வழியில், இஞ்சின் மாட்டும் பின் பலகை ஒரு பக்கம் குழாயை விட்டுப் பிரிந்தது. விரல் நுழையும் அளவு இடைவெளி. இஞ்சினை நிறுத்தித் துடுப்பை எடுத்தேன். நீரோட்டம் எங்களைப் பாலத்தின் பக்கம் இழுத்துக்கொண்டே போனது. நான் பத்துத் தடவை வலித்தால் முன்னே போனது நாலு அடி, பக்கவாட்டில் போனது அதைவிட அதிகம். மனைவி ஒன்றும் பேசாமல் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மீன் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் பார்த்துவிட்டார். "பாக்சிக்!" (மலாயில் 'மாமா' என்பது போல) என்று கத்தினேன். கயிறு வீசிக் கரை சேர்த்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் டிங்கி வாங்காமல் விசாரித்துக்கொண்டே இருந்தேன். பிவிசி மோசமான சரக்கு என்று சொல்ல வரவில்லை. குளிர் நாட்டில் அது நெடுநாள் உழைக்கும். நம் வெயிலில் அதை இளக்கி வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியே கசிகிறது, பசையும் சூட்டில் விட்டுப்போகிறது. வருடம் முழுக்க வெளியிலேயே கிடக்கும் டிங்கிக்கு ஹைபலான் என்ற ரப்பர் வகைதான் சரி. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: டூபோன்ட் கம்பெனி ஹைபலான் தயாரிப்பை 2010இல் நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை இப்போது வேறு கம்பெனிகள் செய்கின்றன, சிஎஸ்எம் என்று எழுதியிருக்கும். கடையில் இன்னும் ஹைபலான் என்றுதான் சொல்வார்கள். பளபளவென்று பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் பிவிசி. மங்கலாக, ரப்பர் கையுறை மாதிரி இருந்தால் இது.

ஒட்டுப்பலகை டிங்கி ஒன்றையும் நண்பரிடம் வாங்கி இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். எட்டு அடி. துடுப்புப் போட்டால் வெண்ணெயில் கத்தி போவது போல் போகும், சிப்பி பட்டாலும் கவலை இல்லை. துடுப்பு வலிக்கும் சுகத்துக்காகவே அதை வாங்கிவிடலாம் போல் இருந்தது. ஆனால் மனைவி ஓரத்தில் கால் வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. எங்கள் முன்தளத்தில் அதை ஏற்றி வைக்கவும் இடம் இல்லை. லங்காவிக்குப் போகும்போது அறுபது கடல் மைலுக்கும் அதைப் பின்னால் இழுத்துப் போக எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் வாங்கியது 2.3 மீட்டர் ஹைபலான், காற்றடிக்கும் தரை. 6,900 வெள்ளி. இரண்டு வருடமாகிறது. பையோடு 27 கிலோ, ஒரு அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் அதிகம். அறுபது வயதில் நான் ஒருவனாகவே தளத்துக்கு இழுத்துவிடுகிறேன். அலுமினியத் தரை வைத்தது இன்னும் உறுதியாக இருக்கும், ஆனால் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். இஞ்சின் சுஸுகி டிஎஃப் 2.5. 13.5 கிலோ, ஒரு கையால் படகுக்கு எடுத்துக் கொடுக்கலாம். இதற்கு மேல் இந்த டிங்கிக்குத் தேவையில்லை.

மனைவி இப்போது குழாய் மேலேயே கால் வைத்து இறங்குகிறாள். அசைகிறது, சாயவில்லை. பலகை டிங்கியில் இது நடக்காது.

காற்றில் மட்டும் கவனம் வேண்டும். காலையில் கல் மாதிரி அடித்துவிட்டுப் போனால் மத்தியான வெயிலில் குழாய் உப்பி ஒட்டுகளை இழுக்கும். நான் காலையில் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் அளவுக்குத்தான் அடிக்கிறேன். சாயங்காலம் மழை பெய்தால் தொளதொளவென்று ஆகிவிடும், உடனே ஓட்டை என்று பயப்பட வேண்டாம். தரைக்குக் குழாயைவிட அதிக அழுத்தம் வேண்டும். அதில் சோம்பல்பட்டால் நடுவில் மடங்கும்.

இங்கே டிங்கிக்குப் பெரிய எதிரி ஜெட்டிப் படி. அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் நீர் இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கும். அப்போது படியில் கொட்டலசும் சிப்பியும் பிளேடு மாதிரி நிற்கும். லிட்டில் இந்தியாவில் திரைச்சீலை தைக்கும் ஒரு அண்ணனிடம் குழாய்களுக்குப் படுதாத் துணியில் உறை தைத்துக்கொண்டேன். "இது என்ன தம்பி, யானைக்குச் சட்டையா?" என்று கேட்டுக்கொண்டே தைத்தார். அந்த உறையில் இப்போது ஏழெட்டுக் கிழிசல். குழாயில் ஒன்றுகூட இல்லை. வெயிலையும் அதுதான் தாங்குகிறது. டிங்கி வாங்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரவில் தண்ணீரில் விடுவதில்லை. பாய் ஏற்றும் கயிற்றால் தூக்கிப் படகின் ஓரத்தில் தொங்கவிடுகிறேன். அடியில் பாசி பிடிக்காது, திருட்டுப் பயம் குறையும். விடிவதற்கு முன் சுமத்ரா என்னும் திடீர்ப் புயல்காற்று அடித்தால் தண்ணீரில் கிடக்கும் லேசான டிங்கி அலையில் குப்புறக் கவிழும். இஞ்சினைக் கழற்றாமல் விட்டிருந்தால் அதுவும் உப்புத் தண்ணீரில். இழுத்துப்போகும் கயிறு மிதக்கும் வகையாக இருக்கட்டும், முழுகினால் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

பெரிய குறை துடுப்புதான். கூட வந்தவை குட்டையானவை, நடுவில் இணைப்பு ஆடுகிறது, எதிர்காற்றில் பிரயோசனம் இல்லை. இந்த விலைக்கு இப்படித் தந்திருக்கக் கூடாது. நீளமான மரத் துடுப்பு செய்து மாட்டிய பிறகு அமைதியான நீரில் நன்றாகவே போகிறது. நீரோட்டம் வேகமாக இருந்தால் அதுவும் போதாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதனால் டிங்கிக்குள் ஒரு சின்ன நங்கூரமும் முப்பது மீட்டர் கயிறும் எப்போதும் கிடக்கின்றன. இஞ்சின் நின்றால் முதலில் அதைத்தான் போடச் சொல்லி மனைவிக்கும் பழக்கியிருக்கிறேன்.