இயர்போன் ‘டியூனிங்’: மலையகத்தில் காசு கொடுக்கும் முன் வாசியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். “உங்கள் போனுக்கு ஏற்ற மாதிரி இயர்போனை டியூன் பண்ணித் தருகிறோம்” என்று ஒரு கடையில் 6,500 ரூபாய் வாங்கினார்கள். டியூன் பண்ணக் கொடுத்தது, ஒரு டைனமிக், நான்கு ஆர்மேச்சர் என்று இரு வகை டிரைவர்கள் (சத்தம் எழுப்பும் உறுப்புகள்) உள்ள, காதுக்குள் செருகும் இயர்போன். திரும்பி வந்தபோது கூடவே, போனுக்கும் இயர்போனுக்கும் நடுவே செருக ஒரு ‘மெச்சிங் அடாப்டர்’. போட்டுக் கேட்டதும் பேஸ் கூடியதாகவே தோன்றும். ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

அடாப்டரை மல்டிமீட்டரில் 200 ஓம் நிலையில், பின்னின் நுனிக்கும் சொக்கெட்டின் உள்நுனிக்கும் இடையே அளந்தால் 33 ஓம் காட்டுகிறது. மற்றப் பக்கமும் அதே அளவு. உள்ளே இருப்பவை இரண்டு மின்தடைகள், வேறொன்றும் இல்லை. சாதாரண அடாப்டர் என்றால் அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். (மீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணை முதலில் கழித்துவிடுங்கள்.)

33 ஓம் என்ன செய்யும்? பல டிரைவர் இயர்போனின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) மீடிறனுக்கு மீடிறன் மாறும். பெட்டியில் போடுவது பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்சில் எடுத்த ஒற்றை எண். பேஸில் (கீழ் மீடிறனில்) 36 ஓம், ட்ரெபிளில் (மேல் மீடிறனில்) 9 ஓம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். 1 ஓம் வெளியீட்டுத் தடை உள்ள டொங்கிளில் (போனில் மாட்டி இயர்போனைச் செருகும் சிறு கருவியில்) நேரே செருகினால் இரண்டுக்கும் இடையே 1 டெசிபெல் வித்தியாசம்கூட வராது. நடுவே 33 ஓம் வந்தால் பேஸ் 5.5 டெசிபெல் குறைகிறது, ட்ரெபிள் 12.7 டெசிபெல் குறைகிறது. உண்மையில் பேஸ் கூடவில்லை. ட்ரெபிளை 7 டெசிபெல் அதிகமாக வெட்டியிருக்கிறார்கள். சத்தம் போதாமல் நீங்கள் வொலியூமை ஏற்றுகிறீர்கள், பேஸ் முன்னுக்கு வந்த மாதிரி இருக்கிறது. ஒற்றை டைனமிக் இயர்போனில் இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட நேர்கோடு. அதற்கு இதே அடாப்டரைப் போட்டால் சத்தம் குறையும், அவ்வளவுதான். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலை அடக்க இப்படி மின்தடை போடுவது உண்டு. ஆனால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

இயர்போனைச் செருகும் போன் அல்லது டொங்கிளின் வெளியீட்டுத் தடை, இயர்போன் இறங்கும் மிகக் குறைந்த இம்பீடன்ஸின் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. 9 ஓமுக்கு 1.1 ஓம். ‘மெச்சிங்’ என்ற சொல்லுக்கு இங்கே இதுதான் பொருள். தடையைக் கூட்டுவது நேர் எதிரான வேலை.

அடுத்தது டேப். இயர்போனின் உடம்பில், நொசிலுக்கு (காதுக்குள் போகும் குழாய்முனைக்கு) பக்கத்தில் ஊசிமுனை அளவில் முன் காற்றுத்துளை இருக்கும். அதை மைக்ரோபோர் டேப்பால் மூடினால் பேஸ் உண்மையிலேயே கூடும். திரும்பி வந்ததில் இடது துளை முழுதாக மூடியிருந்தது, வலது பாதி மட்டும். 50 ஹெர்ட்ஸ் தொனியை மோனோவில் (இரு பக்கமும் ஒரே சத்தமாக) போட்டுப் பாருங்கள்: சத்தம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் இதுதான் சங்கதி. காதில் வைக்கும்போது ‘டக்’ என்று டிரைவரின் மென்தகடு மடியும் சத்தமும் வரும், காற்றுப் போக வழியில்லாததால். டேப் என்றால் உரிக்கலாம். நொசில் வாயில் இருக்கும் வலையில் பசை பட்டிருந்தால் வலையையே மாற்ற வேண்டும்.

“100 மணி நேரம் ஓடவிடுங்கள், சரியாகும்” என்பார்கள். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்றால் 25 நாள். பில்லில் திருப்பிக் கொடுக்கும் காலம் 7 நாள்! கடையிலேயே கேட்டு, பிழை என்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

எங்கள் குளிரில் இன்னொன்றும் நடக்கிறது. காதின் ஈரச்சூடு குளிர்ந்த நொசிலில் பட்டு நீராகி வலையை அடைக்கும். ஒரு பக்கம் சத்தம் விழுந்துவிடும். இதற்கு “டிரைவர் போச்சு, மாற்றணும்” என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். பெரும்பாலும் திரும்பிவிடும். ஹெயர் டிரையர் காட்டாதீர்கள், பசை இளகும்.

செய்ய வேண்டியதற்குச் செலவு குறைவு. முதலில் டிப், அதாவது நொசிலில் மாட்டும் மென்மையான நுனி. காதை அடைக்காத டிப்பில் பேஸ் கசிந்துவிடும்; ஒரு அளவு பெரிதாகப் போட்டுப் பாருங்கள். பிறகும் போதாவிட்டால் பரமெட்ரிக் ஈக்வலைசரில் (மீடிறன் பார்த்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் செயலியில்) 105 ஹெர்ட்ஸ் லோ-ஷெல்ஃப் (கீழ் மீடிறன்களை மொத்தமாக ஏற்றும் வகை), 4 டெசிபெல், கியூ (ஏற்றத்தின் சரிவு) 0.7. அதிலேயே ப்ரீஆம்பை (மொத்தச் சத்த அளவை) 4 டெசிபெல் இறக்குங்கள், இல்லாவிட்டால் உச்சத்தில் சத்தம் கிழியும். பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் பழையபடி ஆகிவிடும்.

4.4 மில்லிமீட்டர் பெலன்ஸ்ட் சொக்கெட்டில் (இரு பக்கத்துக்கும் தனித்தனி எதிர்முனை உள்ளதில்) 3.5 பின்னைச் செருக வைக்கும் அடாப்டரையும் அதே இடத்தில் நீட்டுகிறார்கள். அது இரு பக்க எதிர்முனைகளையும் ஒன்றாக்கிவிடும், ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் சுற்று) எரியலாம். வாங்கவே வேண்டாம்.

பில்லைக் கேட்டு வாங்குங்கள். ‘டியூனிங்’ என்று மொட்டையாக இல்லாமல், என்ன போட்டார்கள், எத்தனை ஓம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் இயர்போனை அங்கே விட்டு வராதீர்கள். ஏற்கெனவே கொடுத்து ஏமாந்தவர்கள் பில்லையும் அடாப்டரையும் மீட்டர் காட்டும் எண்ணின் படத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் அழையுங்கள். பிறகு முறைப்பாட்டைத் தாமதிக்காமல் எழுத்திலும் கொடுங்கள்.