அக்கூஸ்டிக்கா, எலெக்ட்ரிக்கா: இரண்டையும் சில வருடங்கள் வாசித்த பிறகு

கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "அக்கூஸ்டிக்ல ஆரம்பி, விரல் நல்லா பழகட்டும், எலெக்ட்ரிக் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." எனக்கும் அதையே சொன்னார்கள். யமஹா எஃப்310 அக்கூஸ்டிக் வாங்கினேன், சில வருடம் கழித்து ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவத்தில் ஒரு எலெக்ட்ரிக்கும் வீட்டுக்கு வந்தது, இப்போது இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கிறேன். எலெக்ட்ரிக் மேல் ஆசைப்படுகிறவரை அக்கூஸ்டிக்கில் காக்க வைப்பதால் ஒரு லாபமும் இல்லை என்பதுதான் என் முடிவு.

முதலில் விரல் வலி. நிறையப் பேர் கிட்டாரை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிடுவது இதனால்தான். அக்கூஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் 12-53 செட்டில் (மெல்லிய கம்பி, தடித்த கம்பி இரண்டின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுவிசையில் நிற்கின்றன. எலெக்ட்ரிக்கில் போடும் 9-42 செட்டில் அது ஏறக்குறைய பாதி. மூன்றாவது கம்பியைத் தொட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்: அக்கூஸ்டிக்கில் அது மேலே வெண்கலம் சுற்றியது, எலெக்ட்ரிக்கில் வழவழப்பான ஒற்றைக் கம்பி. புதிதாக வாசிப்பவர்களை அழ வைக்கும் எஃப் பார் கார்ட், ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் ஒன்றாக அழுத்த வேண்டியது, எலெக்ட்ரிக்கில் சீக்கிரமே வந்துவிடும். அதற்காக அக்கூஸ்டிக்கில் வராது என்று அர்த்தமில்லை, வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஆனால் வலிக்குக் கம்பியை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) நடுவே உள்ள உயரம், அதாவது ஆக்‌ஷன். நான் வாங்கும்போது என் கிட்டாரில் இது மிக அதிகமாக இருந்தது. கடையில் கேட்டதற்கு "வாசிக்க வாசிக்கப் பழகிடும் சார்" என்றார்கள். பழகவில்லை. கிட்டார் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன், அவர் கீழே பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் துண்டை, சேடில் என்பார்கள், வெளியே எடுத்து அடிப்பக்கத்தை மட்டும் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், அதனால் அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார். திரும்பி வந்தது வேறு கிட்டார் போல இருந்தது.

இதை நீங்களே கடையில் பார்க்கலாம், ஸ்கேல் கூட வேண்டாம். ஏடிஎம் அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் அட்டைகளை அடுக்கிச் செருகிப் பாருங்கள். அக்கூஸ்டிக்கில் மூன்று அட்டை கம்பியைத் தூக்காமல் நுழைந்தால் நல்ல நிலை, நான்கும் தாராளமாக நுழைந்தால் உயரம் அதிகம், சரிசெய்து தரச் சொல்லுங்கள். எலெக்ட்ரிக்கில் இரண்டு அட்டைக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

சென்னையில், அதுவும் என்னைப் போல் திருவான்மியூர்ப் பக்கம் கடலை ஒட்டி இருந்தால், அக்கூஸ்டிக்கை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கிட்டார்களுக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் நல்லது என்பார்கள், ஐப்பசி கார்த்திகையில் இங்கே அதற்கு வாய்ப்பே இல்லை. மேல்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், அதோடு கம்பியும் உயரும். மழைக்காலத்தில் என் எஃப்310 கைக்குக் கடினமாகிவிடும், பங்குனியில் திரும்ப இளகும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன், வாசித்து முடித்ததும் காட்டன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைக்கிறேன். துடைக்காவிட்டால் சீக்கிரமே துரு ஏறி விரலில் கறுப்பு ஒட்டும். எலெக்ட்ரிக்கின் உடல் கெட்டியான மரக்கட்டை, அது பெரிதாக அசைந்து கொடுக்காது. கம்பி மட்டும் அங்கேயும் துருப்பிடிக்கும்.

எலெக்ட்ரிக்கிலும் கஷ்டம் உண்டு, அதை யாரும் எச்சரிப்பதில்லை. ஆம்ப்பில், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில், கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ராக் பாட்டில் கேட்கும் கரகரப்பு) வைத்ததுமே நீங்கள் தொடாத கம்பிகள் எல்லாம் சத்தம் போடும். வலது உள்ளங்கை ஓரத்தாலும் இடது கை விரல்களின் அடிப்பக்கத்தாலும் வேண்டாத கம்பிகளை அமுக்கி வைக்கப் பழக வேண்டும், அதற்கு எனக்கு எஃப் கார்டை விட அதிக நாள் பிடித்தது. பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள், ஒற்றைச் சுருளாக (சிங்கிள் காயில்) உள்ள கிட்டார் என்றால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே வரும். சார்ஜரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தால் குறையும், இரண்டு காயில் உள்ள ஹம்பக்கரில் பெரும்பாலும் இருக்காது.

இரவு வாசிப்பு எலெக்ட்ரிக்குக்கே. ஃபிளாட்டில் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்குகிறது என்றால் பத்து மணிக்கு மேல் அக்கூஸ்டிக்கை ஸ்ட்ரம் செய்ய மனசு வராது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் எலெக்ட்ரிக்கை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் பகலில், பத்து நிமிடம் கிடைத்தால் என் கை தானாகப் போவது அக்கூஸ்டிக்குக்கு, ஒயர் இல்லை, பிளக் இல்லை, எடுத்தால் பாட்டு. கரண்ட் போனாலும் வாசிக்கலாம்.

நம் இசை வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் எலெக்ட்ரிக்கைக் கட்டாயம் யோசியுங்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே கமகத்துக்கு (ஸ்வரங்களை அசைத்து, வளைத்து வாசிப்பது) தேவையான அளவு ஒலி நீண்டு நிற்க வேண்டும் என்பதுதான். ஆர். பிரசன்னா கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டாரில்தான் வாசிக்கிறார். மெல்லிய கம்பியை வளைத்து அடுத்த ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது எலெக்ட்ரிக்கில் ஓசை இன்னும் உயிரோடு இருக்கும், அக்கூஸ்டிக்கில் வளைத்து முடிப்பதற்குள் பாதி அடங்கிவிடும்.

இன்னொன்று, கடைகளில் செமி அக்கூஸ்டிக் என்று சொல்லி விற்பதை "இரண்டுக்கும் ஆகும்" என்று நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலும் அது பிக்கப் பொருத்திய அக்கூஸ்டிக்தான், கம்பியும் அதே தடிமன், கைக்கு எலெக்ட்ரிக் போல இருக்காது. மேடையில் பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு அது சரி, வீட்டில் கற்றுக்கொள்பவர்களுக்கு அந்தப் பணத்தில் நல்ல சாதாரண அக்கூஸ்டிக்கே வாங்கலாம்.

பாடிக்கொண்டே கார்ட் வாசிக்க வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் அக்கூஸ்டிக் எடுங்கள். லீட் (கார்ட் இல்லாமல் ஒவ்வொரு ஸ்வரமாக வாசிப்பது), ராக், கமகம், இரவுப் பயிற்சி என்றால் நேரே எலெக்ட்ரிக். என் அக்கா மகன் போன மாதம் கேட்டபோது அவனுக்கு எலெக்ட்ரிக்தான் சொன்னேன், கூடவே பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ஹெட்ஃபோன் துளையுள்ள சின்ன ஆம்ப், கேபிள், கிளிப் டியூனர் இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் கிட்டார் பார்க்கச் சொன்னேன்.