ஸ்னோபோர்டுக்கான கார் ரூஃப் ரேக்: சில பனிக்காலங்கள் ஓடிய பிறகு தெரிவது

கார் கூரையில் சாமான் ஏற்ற ரூஃப் ரேக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கிலோ தாங்கும் என்று. பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டைப் பொறுத்தவரை அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். பைண்டிங்கோடு (பூட்ஸைப் போர்டில் பிணைக்கும் பிடிப்பு) சேர்த்து ஒரு போர்டு ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். நான்கு போர்டு 20 கிலோ. கிராஸ்பார் (கூரையின் குறுக்கே ஓடும் கம்பி), கிளாம்ப் (அதன் மேல் போர்டைக் கவ்வும் பிடி) எல்லாம் சேர்ந்தாலும் 30 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். பல கார்களுக்குக் கூரை தாங்கும் எடை வரம்பு 75 கிலோ, சிலவற்றுக்கு 50. ரேக்கின் எடையும் அந்த வரம்புக்குள் அடக்கம் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். உண்மையில் தொல்லை கொடுப்பது, போர்டின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் பைண்டிங். நல்ல ரேக், கெட்ட ரேக் என்று நாளடைவில் பிரித்துக் காட்டுவதெல்லாம் அதுதான்.

டேப்பை எடுத்து இரண்டு அளவு எடுங்கள். முதலாவது, இரண்டு கிராஸ்பாருக்கும் இடையிலுள்ள தூரம். பைண்டிங்குகளின் நடுப்புள்ளிகள் பொதுவாக 50 முதல் 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும். 55 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு பைண்டிங்கின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் வெளி விளிம்பு வரை 70 செ.மீ.யைத் தொட்டுவிடும். கிளாம்பின் அகலத்தையும் சேர்த்தால், பார்களுக்கு இடையே 78 முதல் 80 செ.மீ. கிடைத்தால்தான் இரண்டு கிளாம்பும் பைண்டிங்குக்கு வெளியே நிம்மதியாக உட்காரும். கூரை குட்டையான கார்களில் 65 செ.மீ.தான் கிடைக்கும், அங்கே கிளாம்பின் கை நேராக பைண்டிங்கின் மேல் போய் இடிக்கும். வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களே அதிகம்.

அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கிளாம்பை இரண்டு பைண்டிங்குக்கும் நடுவிலும், மற்றதை வெளிப்பக்கத்திலும் வருமாறு போர்டைத் தள்ளி வையுங்கள். 60 முதல் 65 செ.மீ. இடைவெளியில் இது பொருந்தும். போர்டு ஒரு பக்கம் கூடுதலாக நீளும். அந்தப் பக்கம் பின்னோக்கி இருக்கட்டும். முன்னால் நீண்டால் எதிர்க்காற்று நுனிக்கு அடியில் புகுந்து தூக்கும். ஆனால் பின்னால் நீளும்போது டிக்கிக் கதவைத் திறந்து பார்க்காமல் கிளம்பாதீர்கள். கதவின் மேல்விளிம்பு போர்டின் எஃகு விளிம்பில் மோதினால் பெயின்ட் போய்விடும்.

இரண்டாவது அளவு உயரம். பைண்டிங் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் அதற்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது 2 செ.மீ. காற்றுவெளி வேண்டும். இந்த உயரத்தை பாருக்கு அருகில் அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கூரை சற்றுப் புடைத்திருக்கும், புடைப்பு இரண்டு பாருக்கும் நடுவில் இருக்கும், பைண்டிங்கும் அங்கேதான் தொங்கும். ஆகவே நடுவில் அளக்க வேண்டும். ஹைபேக்கை (பைண்டிங்கின் பின்புறம் நிற்கும் முட்டுத் தட்டு) மடித்த பிறகும் பைண்டிங் 10 செ.மீ.க்கு மேல் நிற்பது சாதாரணம். இடம் போதாவிட்டால் கிளாம்புக்கு அடியில் வைக்கும் உயர்த்தித் துண்டு வாங்குங்கள்; பல கிளாம்புகளுக்கு அது தனியாகக் கிடைக்கும். அல்லது பைண்டிங் மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். கண்ணாடிக் கூரை உள்ள கார் என்றால் மேல்நோக்கி வைப்பதே சரி. அந்தக் கண்ணாடியைச் சாய்த்துத் திறந்தால் பாரில் இடிக்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

கிளாம்பின் மேல் "6 ஜோடி ஸ்கீ அல்லது 4 ஸ்னோபோர்டு" என்று எழுதியிருக்கும். அந்த நான்கு, இரண்டு அடுக்காக அடிப்பக்கமும் அடிப்பக்கமும் சேர வைத்து எண்ணியது. கீழ் அடுக்கின் பைண்டிங் கூரையை நோக்கித் தொங்கும் என்பதால், உயர்த்தித் துண்டு இல்லாமல் பல கார்களில் நான்கு ஏறாது. பக்கத்துப் பக்கமாக இரண்டு வைக்கும்போதும் பைண்டிங்குகள் ஒன்றோடொன்று முட்டும்; ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாக ஒரு சாண் தள்ளி வைத்தால் இடம் கிடைக்கும். இரண்டு பேருக்கு மேல் போகிறவர்கள் சின்ன அளவை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஏற்றும்போது ஹைபேக்கை மடித்து, ஸ்ட்ராப்பை அதன் மேல் இழுத்துப் பூட்டுங்கள். தொங்க விட்டால் ஸ்ட்ராப் ஓயாமல் படபடத்துக் கூரையைக் கீறும்.

காரில் பொருத்துவதைப் பொறுத்தவரை, கூரையோடு ஒட்டாமல் இடைவெளி உள்ள நீளவாட்டு ரெயிலோ, கூரையிலேயே அமைந்த திருகுப் புள்ளிகளோ இருந்தால் கவலையே இல்லை. ஒன்றும் இல்லாத வெறும் கூரையில் கதவு விளிம்பைப் பிடிக்கும் கால்களோடு, அந்தக் கார் மாடலுக்கென்றே உள்ள ஃபிட் கிட்டும் (கால்களைக் கூரையில் பொருத்தும் துண்டுகள்) வேண்டும். கால்களின் ரப்பருக்கு அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் ஒரே பருவத்தில் பெயின்டைத் தேய்த்துவிடும். கூரையைத் துடைத்துவிட்டே பொருத்துங்கள். கையேட்டில் சொன்ன டார்க் (திருகும் விசை) அளவுக்கு இறுக்கி, முதல் 50 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். ரப்பர் அமுங்கி உட்காரும்போது பிடி கொஞ்சம் தளர்வது இயல்பு. காந்த ரேக் எஃகுக் கூரையில் மட்டுமே ஒட்டும். அலுமினியத்திலும் கண்ணாடியிலும் ஒட்டாது. அகலமான ஸ்னோபோர்டு காற்றில் பாய் மாதிரி இழுக்கும் என்பதால் நெடுஞ்சாலைக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இரைச்சல் பற்றிப் புலம்பாதவர் இல்லை. சதுரக் கம்பியும் உருளைக் கம்பியும் ஊளையிடும். விமான இறக்கை வடிவ அலுமினியப் பார் எவ்வளவோ அமைதி. அந்த நல்ல பாரும் விசிலடித்தால், மேலே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். கிளாம்பை மாட்டும்போது வெட்டிய ரப்பர் பட்டை முழுவதையும் மூடாமல், இரண்டு விரல் அகலத்துக்குப் பள்ளம் திறந்து கிடக்கும். புல்லாங்குழல் துளை போலத்தான் அது. ஒரு துண்டு ரப்பரை வெட்டிச் செருகினால் ஓசை நின்றுவிடும். சதுரக் கம்பி வைத்திருப்பவர்கள் ஒரு கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றிக் கட்டினாலே காற்றுச் சுழல் உடைந்து ஊளை குறையும்.

குளிரில் முதலில் மக்கர் செய்வது பொத்தானும் பூட்டும்தான். சாலையிலிருந்து தெறித்த ஈரப்பனி பொத்தானைச் சுற்றி உறைந்தால் விரலால் அழுத்த முடியாது. தடித்த கையுறையோடு உள்ளங்கையால் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான் உள்ள கிளாம்பை வாங்குங்கள். பூட்டுத் துளைக்குப் பருவம் தொடங்கும் முன்பே கிராஃபைட் தூள் போடுங்கள். சுடுதண்ணீர் ஊற்றுவது அந்த நிமிடம் உதவும், அடுத்த கால் மணி நேரத்தில் இன்னும் கெட்டியாக உறையும்.

மூன்று நான்கு பனிக்காலம் ஓடியதும் வெளிப்படுவது உப்பின் வேலை. சாலையில் தூவும் உப்பு, அலுமினியப் பாரும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் தொடும் இடத்தில் ஈரத்தோடு சேர்ந்து அரிப்பை உண்டாக்கும். வெள்ளைப் பொடி பூத்த அந்த போல்ட்டைப் பிறகு கழற்றப் போனால் மரை உருண்டுவிடும், அல்லது பாரின் பள்ளமே பிளந்துவிடும். பொருத்தும் அன்றே மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை அதில் கொஞ்சம் தடவி, வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் இது வராது. இறுக்கும் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பசை தடவிய மரை எளிதாக ஓடுவதால் அதே டார்க்கில் அதிகமாக இறுகிவிடும். போர்டின் விளிம்புக்கும் உப்பு ஆகாது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் மறுநாள் காலையே செம்பழுப்பு படிந்திருக்கும்.

இந்த உப்புத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு மூடிய கூரைப் பெட்டி நல்லது. ஆனால் பெரிய, மழுங்கிய முகப்புள்ள பெட்டி, மணிக்கு 65–75 மைல் வேகத்தில் எரிபொருள் சிக்கனத்தை 10 முதல் 25% வரை குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. பெட்டியோ ரேக்கோ, பருவம் முடிந்ததும் இறக்கிவிடுங்கள். இறக்கும் முன் கால்கள் நின்ற இடத்தைக் கதவுச் சட்டத்தில் சிறு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால், அடுத்த ஆண்டு அளவெடுக்கும் வேலை இல்லாமல் 15 நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

பழைய ரேக் வாங்குகிறவர்கள் கிளாம்பின் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள்; பள்ளம் விழுந்து திரும்பி எழாவிட்டாலோ, மடித்தால் வெடிப்பு தெரிந்தாலோ அது போர்டைப் பிடிக்காது. பூட்டுக்குச் சாவி இருக்கிறதா, அதன் எண் என்ன என்று கேளுங்கள். ஃபிட் கிட் வேறு கார் மாடலுக்கானது என்றால், அதற்கு ஆகும் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்ட பிறகே பேரம் பேசுங்கள்.