பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா? 12700-உம் மலிவு மதர்போர்டும்

இன்டெல்லின் ஐ7-12700 பிராசசர் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "நீ வைத்திருக்கும் அதே எச்610 மதர்போர்டை நானும் வாங்கிவிடட்டுமா? போர்டு நிறுவனம் தரும், பொருந்தும் பிராசசர்களின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறதே." வேண்டாம் என்றேன். ஏன் என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை.

முதலில் போர்டுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சேர்த்துவிடுகிறேன். ஐ3-12100 பொருத்தி நெடுநாள் ஓட்டினேன். ஒருமுறைகூட உறைந்து நின்றதில்லை, யுஎஸ்பி துளைகள் இன்றும் இறுக்கமாகவே இருக்கின்றன, ஒலியில் இரைச்சல் இல்லை. அந்த பிராசசர் உச்சத்தில் கேட்பதே 89 வாட்தான்.

12700-ஐப் பொருத்திய பிறகுதான் தொல்லை. விவரக்குறிப்பில் முதலில் கண்ணில் படும் 65 வாட் என்பது 2.1 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்துக்கான கணக்கு. டர்போவுக்கு, அதாவது அதைத் தாண்டி முழு வேகத்தில் ஓடுவதற்கு, இன்டெல் தரும் எண் 180 வாட். 1.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 150 ஆம்பியர்! பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை இறக்கி இவ்வளவு மின்னோட்டத்தையும் ஊட்ட வேண்டியவை பிராசசர் உட்காரும் சாக்கெட்டை ஒட்டியிருக்கும் மாஸ்ஃபெட்டுகள் என்ற சிறு மின்சுவிட்சுகள். என் போர்டில் அவற்றின் மேல் சூட்டை இழுத்து வெளியேற்ற ஒரு துண்டு அலுமினியம்கூடக் கிடையாது.

பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) மின்வரம்பைத் தளர்த்திவிட்டு வீடியோ ரெண்டர் ஓடவிட்டால் தொடக்கத்தில் எல்லாக் கோர்களும் பறக்கும். சில நிமிடங்களில் வேகம் சட்டென்று 800 மெகாஹெர்ட்ஸுக்கு விழும், பிறகு எழும், மறுபடி விழும். அப்போது பிராசசரின் வெப்பம் 70 டிகிரியைச் சுற்றித்தான். கண்காணிப்பு மென்பொருளில் மின்சீராக்கி (மாஸ்ஃபெட்டுகள் அடங்கிய பகுதி) வெப்ப எச்சரிக்கை மட்டும் "ஆம்" என்று மாறியிருக்கும். மாஸ்ஃபெட்டுகளுக்கு நேர் பின்னால், போர்டின் முதுகில் வெப்பமானியை வைத்தேன்: 100 டிகிரிக்கு மேல்.

சேவை மையத்தில் கூலரை மாற்றச் சொன்னார்கள், அதுவும் நீர்க்கூலருக்கு. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். சாதாரண கூலரின் விசிறிக் காற்றாவது மாஸ்ஃபெட்டுகள் மேல் கொஞ்சம் படுகிறது. நீர்க்கூலரின் விசிறி வேறிடத்தில் இருப்பதால் அதுவும் போய்விடும்.

இதனால் தீப்பிடித்துவிடும் என்று யாரையும் பயமுறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து போர்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆனால் அருகிலிருக்கும் மின்தேக்கிகளுக்கு வெப்பம் எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு.

இப்போது பயாஸில் நீண்டநேர மின்வரம்பை 100 வாட்டாக வைத்து, மாஸ்ஃபெட்டுகளுக்கு நேராகச் சிறு விசிறி ஒன்றையும் மாட்டியிருக்கிறேன். ரெண்டர் நிற்காமல் ஓடுகிறது. கொடுத்தது ஐ7 காசு, கிடைப்பது ஐ5 வேகம்.

நண்பருக்குச் சொன்னது இதுதான். எச்610-க்கு மேல்படியான பி660 என்ற பெயரை மட்டும் நம்பியும் வாங்காதே, அதிலும் மாஸ்ஃபெட்டுகள் மூடப்படாத மொட்டை போர்டுகள் உண்டு. சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் கனமான ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டி) இருக்கிறதா பார். விளம்பரத்தில் எத்தனை ஃபேஸ் (பிராசசருக்கு மின்சாரம் ஊட்டும் தனித்தனி பிரிவு) என்று போட்டிருந்தாலும், ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேள்.

பட்டியலில் பெயர் இருந்தால் கணினி இயங்கத் தொடங்கும், அவ்வளவே. எத்தனை வாட்டை மணிக்கணக்கில் தாங்கும் என்பதையும் பெயருக்கு எதிரே அச்சிட அந்த நிறுவனத்துக்கு என்ன கேடு? ஐ3-க்கோ, 117 வாட்டோடு நின்றுவிடும் ஐ5-12400-க்கோ இது நல்ல போர்டுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணை அச்சிடும்வரை ஐ3 வைத்திருப்பவருக்குக்கூட இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.